கடலில் இறங்கும் நீர்யானை

உங்களுக்குத் தெரியுமா?

நீர்யானை என்றதும் ஆறும் ஏரியும்தான் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கபோன் நாட்டில், லோவாங்கோ தேசியப் பூங்காவில், அது கடலிலும் இறங்குகிறது! காயலில் வாழும் நீர்யானைகள் மணலைத் தாண்டி அட்லாண்டிக் அலைகளுக்குள் போவதை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 2004-இல் உலகுக்குக் காட்டியது.

கபோன் அரசு 2002-இல் ஒரே மூச்சில் அறிவித்த 13 தேசியப் பூங்காக்களில் லோவாங்கோவும் ஒன்று. பரப்பு சுமார் 1,550 சதுர கி.மீ. மழைக்காடு, புல்வெளி, காயல், கடற்கரை நான்கும் இங்கே ஒட்டியே கிடப்பதால்தான் காட்டு யானையும் காட்டெருமையும் கடலோர மணலில் நடக்கின்றன.

இங்குள்ள சிம்பன்சிகள் ஆமையை மரத்தில் மோதி ஓட்டை உடைத்துத் தின்பதை ஆய்வாளர்கள் 2019-இல் பதிவு செய்தார்கள். ஓர் ஆண் சிம்பன்சி பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மரக்கிளையில் வைத்து, மறுநாள் வந்து எடுத்துக்கொண்டதாம்! நாளைக்கு என்று எடுத்துவைக்கும் எண்ணம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது எவ்வளவு அருமையான சான்று!

போக விரும்புவோருக்கு: உலகிலேயே பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிட வருவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. திமிங்கிலம் பார்க்க ஜூலை முதல் செப்டம்பர் வரை போகலாம். இங்குள்ள கொரில்லாக்களை நெருங்கும்போது முகக்கவசம் கட்டாயம். நம் சளியும் இருமலும் அவற்றின் உயிரையே பறிக்கக்கூடும்.