பட்டறிந்தோரின் பணி: குடிநோய், மனநோய் மருத்துவத்தில் நலம் பெற்றோரின் இடம்

குடிநோயினின்று மீண்ட ஒருவரை அந்நோயில் இன்னும் உழல்பவருக்குத் துணையாக அமர்த்துதலும், மனநோயுற்று நலம் பெற்ற ஒருவரை மனநல நிலையத்தின் பணியாளருள் ஒருவராக ஏற்றலும் இன்று பல நாடுகளில் மருத்துவப் பணியின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படுகின்றன. இத்தகையோரைக் குறிக்கப் புதுச்சொல் தேடுவோர் உளர். 'பட்டறிவு' என்னும் சொல் நம்மிடம் இருக்கையில் அத்தேட்டம் வேண்டுவதில்லை. எனவே இவர்களைப் பட்டறிவுப் பணியாளர் என்றே இக்கட்டுரை குறிக்கும். மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் கற்றதைக் கொண்டு பணி செய்கின்றனர். இவர் பட்டதைக் கொண்டு பணி செய்கிறார். அதன்பொருட்டே அவர் அமர்த்தப்பெறுகிறார் என்பதை மறத்தலாகாது. நலம் பெற்ற ஒருவர் தம் பழைய நிலையை மறைத்து மருத்துவமனையில் எழுத்தராக இருப்பாராயின் அவர் பட்டறிவுப் பணியாளர் ஆகார்.

இப்பணியின் தேவையைக் காட்ட ஓர் ஆய்வின் எண்களே போதும். நடுவணரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு மருத்துவ உதவி பெற்றதாகக் கூறினர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. எஞ்சியோர் எங்கே? அவர்கள் தத்தம் ஊர்களில் இருக்கின்றனர். எப்போதும்வென்றான் என்று பெயர் சூடிய ஊரும் இதற்கு விலக்கன்று. அப்பெயரைச் சொல்லித் தன்னைத் தானே நகைத்துக்கொள்ளும் குடியர் அக்கரிசல் வட்டாரத்தில் இல்லாமலிரார்.

பட்டறிந்தவர் பட்டறிந்தவருக்கு உதவுதல் என்னும் முறை நம் காலத்தில் உருப்பெற்ற வரலாறு இறையியல் மாணவர் அறிந்திருக்க வேண்டியது. நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச்சந்தை வணிகர் வில்லியம் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். ஃபிராங்க் புக்மன் என்னும் லூத்தரன் குருவானவர் தோற்றுவித்த ஆக்ஸ்போர்டு குழுவின் தொடர்பு அவருக்குக் கிட்டியிருந்தது. பின்னர் ஐந்து திங்கள் அவர் கண்ட குடியரிடமெல்லாம் தாம் பெற்ற ஆன்மிக அனுபவத்தைப் பேசினார். ஒருவரும் திருந்தவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த சில்க்வொர்த் என்னும் மருத்துவர், பிரசங்கம் செய்வதை நிறுத்தி, இந்நோய் உடலை என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லுமாறு அறிவுரை கூறினார். பிரசங்க மேடைக்கு ஆயத்தமாகும் நமக்கு இவ்வறிவுரை கசக்கலாம். ஆயினும் அது பலித்தது.

1935 மே மாதத்தில் வில்சன் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் வணிகத்தில் தோற்று, விடுதியில் தனித்திருந்தார். மதுக்கூடம் அருகிலிருந்தது. அந்நிலையில் அவர் விடுதியின் கூடத்திலிருந்த திருச்சபைப் பட்டியலைப் பார்த்து, வால்ட்டர் டங்க்ஸ் என்னும் எப்பிஸ்கோப்பல் ஆயரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது தமக்கு ஆறுதல் கூறுமாறு அன்று. தாம் பேசுவதற்கு வேறொரு குடியரை அறிமுகம் செய்யுமாறு கேட்டார். ஆயர் கொடுத்த பெயர்களின் வழியாக, ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால்மணி நேரமே தருவதாக வந்த ஸ்மித், ஆறு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்து கேட்டார். மருத்துவரான அவருக்குக் குடியின் கேட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. தம் மொழியில் தம்மோடு பேசிய முதல் மனிதர் இவர் என்பதே அவரைப் பிடித்து நிறுத்தியது. அவர் இறுதியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10, ஏ.ஏ. எனப்படும் பெயர் வெளியிடாக் குடிநோயாளர் தோழமையின் பிறந்த நாளாயிற்று.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள. தோல்வியுற்ற அந்த ஐந்து திங்களிலும் வில்சன் மட்டும் குடிக்கவில்லை. உதவி பெற்றவர் பயனடையாதபோதும் உதவியவர் பயனடைந்தார். அடுத்து, ஆயர் டங்க்ஸ் செய்தது இணைப்புப் பணி மட்டுமே. அவர் குடிநோயைக் குணமாக்க முற்படவில்லை. யாரை யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்திருந்தார். ஏ.ஏ. பின்னர் ஆக்ஸ்போர்டு குழுவினின்று பிரிந்து, எச்சமயத்தவர்க்கும் உரியதாயிற்று. ரைன்ஹோல்ட் நீபர் என்னும் இறையியலாளரின் பெயரால் வழங்கும் மன அமைதி வேண்டல் மட்டும் இன்றும் அதன் கூட்டங்களில் ஓதப்படுகிறது.

ஏ.ஏ. தோழமையில் ஊதியம் இல்லை, பதவியும் இல்லை. பட்டறிவை ஊதியம் பெறும் பணியாக மாற்றியது மினசோட்டா மாநிலம். அங்கே வில்மர் அரசு மருத்துவமனையில் நலம் பெற்ற குடிநோயாளரை ஆலோசகராக அமர்த்த 1950களில் முயன்றனர். அதற்கென அரசுப் பணியில் ஒரு பதவியே உண்டாக்கப்பட்டது. அதே மாநிலத்தில் 1949இல் தொடங்கிய ஹேசல்டன் நிலையம் இம்முறையை வளர்த்தது. அங்கிருந்து இது சென்னைக்கு வந்த வழி ஒரு பெண்ணின் துயரத்தின் வழியாகும்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளவயதில் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் ஹேசல்டனில் பயிற்சி பெற்று, கணவரின் பெயரால் 1980இல் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்திருப்பது அதுவே. அவர் தாம் குடித்தவர் அல்லர், குடிநோயாளியோடு வாழ்ந்தவர். அதுவும் பட்டறிவே. குடியை ஒழுக்கக்கேடு என்றே அனைவரும் எண்ணிய காலத்தில், அது மருத்துவம் செய்யத்தக்க நோய் என்பதையும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே உதவி வேண்டும் என்பதையும் அந்நிறுவனம் வலியுறுத்தியது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

நம் வட்டாரத்திற்கு மிகவும் பொருந்துவது அந்நிறுவனம் 1989இல் மஞ்சக்குடியில் தொடங்கிய சிற்றூர் முகாமாகும். நோயாளரைச் சென்னைக்கு அழைத்துச் செல்லாமல், மருத்துவக் குழு ஊருக்கு வந்து ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கியது. உள்ளூரார் இடமும் பிற உதவிகளும் அளித்தனர். முன்னைய முகாமில் நலம் பெற்றோர் அடுத்த முகாமுக்கு ஆட்களை அழைத்து வந்தனர். துண்டறிக்கை படித்து முகாமுக்கு வருபவர் சிலரே. நேற்றுவரை தம்மோடு குடித்த ஒருவன் தெளிந்த முகத்தோடு வாசலில் வந்து நிற்பதைக் கண்டு வருபவரே பலர்.

கோவில்பட்டிச் சுற்றுப்புறத்தை எண்ணிப் பாருங்கள். மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்படும். மாசிக்குப் பின் நிலம் வெடித்துக் கிடக்கும். அப்போது ஆடவர் தீப்பெட்டி ஆலைக்கும், கரிமூட்டத்திற்கும், தூத்துக்குடி உப்பளத்திற்கும், சுமைப்பணிக்கும் செல்வர். வாரக்கூலி கைக்கு வரும் மாலை, ஊர்க்கொடை, அசனப் பண்டிகைக்கு வந்த உறவினர் கூட்டம், துக்கவீடு ஆகியவை குடியை விட்டவன் மீண்டும் வழுக்கும் இடங்கள். நகரத்திலிருந்து வரும் ஆலோசகர் இவற்றைக் கேட்டறிய வேண்டும். உள்ளூர்ப் பட்டறிவுப் பணியாளர் அன்று மாலை அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். துக்கவீட்டில் யார் யார் வற்புறுத்துவர் என்பதும், மறுத்தால் என்ன ஏச்சு விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் தொழிலின் பெரும்பகுதி இதுவே. மிகுதி, மருத்துவமனைக்கு உடன் செல்லுதலும், மாத்திரையை நிறுத்தாதிருக்கச் சொல்லுதலும், மனைவி பேசும்போது இடைமறியாமல் கேட்டலுமாம்.

அவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலை வந்து, உயிரும் போகக்கூடும். அறையில் பூட்டி வைத்தோ, உபவாச ஜெபத்தில் உட்கார்த்தியோ இதனைக் கடக்க முயல்வது பேராபத்து. கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும். தமக்கு மருந்தின்றியே நின்றது என்று சொல்லும் பணியாளர் அந்நேரத்தில் ஆபத்தான மனிதர். பட்டறிவு தன்னொருவன் அனுபவத்தை அனைவருக்கும் விதியாக்கும் இயல்புடையது; பயிற்சி வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

நடுவணரசின் உதவி பெறும் மறுவாழ்வு மையங்களில், நலம் பெற்ற ஒருவருக்கென்றே ஒரு பணியிடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல், ஓரிரண்டு ஆண்டு போதையின்றி இருந்திருத்தல், பயிற்சிக்கு இசைதல் ஆகியவை அதற்குரிய தகுதிகள். ஊதியம் ஆலோசகரின் ஊதியத்தைவிடக் குறைவு. இது சரியன்று என்பது என் கருத்து. ஒருவருடைய வாழ்வின் மிகக் கசப்பான பகுதியைப் பணிக்கருவியாகக் கேட்டுப் பெற்றபின், படிப்பில்லை என்று கூலியைக் குறைத்தல் எவ்வாறு பொருந்தும்?

இதனினும் கொடியது வேறொன்று. பதிவின்றி நடக்கும் சில 'மறுவாழ்வு இல்லங்களில்' நோயாளர் அடித்துத் துன்புறுத்தப்பட்ட செய்திகளும், இறந்த செய்திகளும் தமிழ்நாட்டில் பலமுறை வெளிவந்துள்ளன. அங்கே பழைய நோயாளரே காவலராக நிறுத்தப்படுவதுண்டு. பட்டவர் இரங்குவார் என்று நாம் எண்ணுகிறோம். மேற்பார்வையற்ற இடத்தில் பட்டவரே அடிக்கிறார்.

மனநோய்த் துறையில் இப்பணியின் முன்னோடியைச் சொல்வதாயின், பாரிசின் பிசெத்ர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்டமாலை நோயோடு அங்கே நோயாளியாக வந்த பியூசன் என்பவர், குணமாகி அங்கேயே பணியாளராகி, மனநோயர் பகுதியின் கண்காணிப்பாளரானார். நலம் பெற்ற மனநோயரையே ஏவலராகத் தெரிந்தெடுத்து, அடித்தலைத் தடுத்தார். 1793இல் அங்கு வந்த புகழ்பெற்ற மருத்துவர் பினெல் அவரிடம் கற்றார். அங்கே சங்கிலிகளை 1797இல் நீக்கியவர் பியூசனே. நூற்றாண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்டு 6 அன்று நம் அண்டை மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த மனநோயர் உட்பட 28 பேர் தீயில் மாண்டனர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தது. குடும்பத்தாரின் பட்டறிவுக்கு அது கதவைத் திறந்தது. நோயுற்றவரின் சொல்லுக்கு இடம் பின்னரே கிடைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றோரோ அவர்களைப் பராமரிப்போரோ அவர்தம் அமைப்பினரோ மனநல மறுஆய்வுக் குழுவில் இரு உறுப்பினராக அமர வழி செய்கிறது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைமை தாங்கும் மேசையில், ஒருகாலத்தில் அடைக்கப்பட்டிருந்தவரும் அமரலாம்.

பயன் குறித்து மிகைபடக் கூறுதல் வேண்டா. 2013இல் காக்ரன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு, மனநலத் துறையில் நடந்த 11 ஆய்வுகளை ஆராய்ந்து, நலம் பெற்ற பணியாளர் தரும் உதவி மற்றப் பணியாளர் தருவதைவிட மேலானதும் அன்று, தாழ்ந்ததும் அன்று என்று முடிவு கூறியது. மருத்துவருக்கே பஞ்சமான நாட்டில் 'தாழ்ந்ததன்று' என்பது பெருஞ்செய்தி.

நம் சபைகள் இதனை எளிதில் 'சாட்சி' என்று பிழையாகக் கொள்ளக்கூடும். சாட்சிக் கூட்டத்தில் கதை முடிந்துவிடுகிறது. இருள் நீங்கிற்று, ஒளி வந்தது என்று கூறி அவர் அமர்ந்துவிடுகிறார். பட்டறிவுப் பணியாளரின் கதை முடிவதில்லை. இன்று குடிக்கவில்லை என்று மட்டுமே அவர் கூறுவார். கன்வென்ஷன் மேடைகளில் ஊர் ஊராக நிறுத்தப்பட்ட ஒருவர் மீண்டும் வழுக்கினால், அதை எவரிடமும் சொல்ல இயலாமல் மறைந்துவிடுவார். ஆகவே அவரை மேடையேற்றாதிருத்தல் நன்று. வழுக்கினால் என்ன செய்வது, யாரிடம் முதலில் சொல்வது, பணியிலிருந்து எத்தனை நாள் விலகியிருப்பது என்பவற்றை அமர்த்தும்போதே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

எப்போதும்வென்றான் போன்ற ஊரில் ஓர் ஆயரோ உபதேசியாரோ தொடங்கக்கூடியது சிறிதே. ஓராண்டுக்கு மேல் தெளிவாயிருக்கும் ஒருவரைக் கண்டறிதல். அவரைப் பயிற்சிக்கு அனுப்புதல். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்நாளில் எங்கே வருகிறார் என்பதையும், 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணையும் அவரிடம் கொடுத்தல். பேருந்துச் செலவையும் இழந்த நாட்கூலியையும் சபைக் கணக்கில் எழுதிக் கொடுத்தல். கூட்டம் நடத்த ஆலயத்தைவிடப் பள்ளிக்கூடத்து அறை ஏற்றது. மாற்றுச் சமயத்தவர் தயங்காமல் வருவர். நாள், கூலி கைக்கு வரும் சனிக்கிழமை மாலை.