என்பு மச்சையில் புற்றுக்கலத்தின் அயல்

குருதிப் புற்றுநோயைக் கலத்தின் மரபணுக் கோளாறாக மட்டும் விளக்குவது நீண்டகால வழக்கமாயினும், அக்கலம் பிறந்து வளரும் என்பு மச்சையும், அதாவது எலும்பின் உட்குழியை நிரப்பியுள்ள மென்மையான இழையமும், நோயின் போக்கை நிர்ணயிக்கிறது. குருதிக் கலங்கள் அனைத்துக்கும் மூலமான குருத்துக் கலங்களைப் பேணும் தனி உறைவிடங்கள் மச்சையினுள் உண்டு என்ற கருத்தை ஆய்வாளர் ஸ்கோபீல்ட் 1978இல் முன்வைத்தார்.

திருகோணமலையிலிருந்து மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நோயாளியின் இடுப்பெலும்பில் பின்புறமாக ஊசி செலுத்தி மச்சையை உறிஞ்சியெடுத்து, அந்தக் கருஞ்சிவப்புத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டால், அதில் வெண்மையான நுண்துணுக்குகள் தென்படும். கொழுப்புக் கலங்களும் நுண்குழாய்களும் தாங்கு கலங்களும், அவற்றைப் பற்றியிருக்கும் குருதிக் கலங்களும் சேர்ந்தவையே அத்துணுக்குகள். உறிஞ்சும்போது கலங்கள் இடம்பெயர்ந்துவிடுவதால், எது எதனருகே இருந்தது என்பதை அறிய எலும்போடு சேர்ந்த சிறு உருளைத் துண்டொன்றும் எடுக்கப்படுகிறது.

தாங்கு கலங்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் புரதம், அதற்கான வாங்கியைக் கொண்ட கலங்களைத் தன்பால் ஈர்க்கிறது. ஆரோக்கியமான குருத்துக் கலங்களைக் காக்கும் இதே ஏற்பாட்டைப் புற்றுக்கலமும் பயன்படுத்தி, தாங்கு கலத்தோடு ஒட்டி, உயிர்பிழைக்கும் சமிக்ஞைகளைப் பெற்றுக்கொள்வதுதான் இந்நோயின் மிகக் கொடிய இயல்பு. அயலின் கோளாறே நோய்க்கு வழிதிறக்கலாம் என்பதும் தெரியவந்துள்ளது: 2010இல் வெளியான ஆய்வொன்றில், எலும்பாக்கும் இளங்கலங்களில் மட்டும் டைசர்1 என்னும் மரபணுவை நீக்கியபோது, குருதிக் கலங்களில் அம்மரபணு சிதையாதிருந்தும், எலிகளின் குருதியாக்கம் குலைந்து, சிலவற்றில் குருதிப் புற்றுநோயும் தோன்றியது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் செய்த பணி இவ்விடத்தில் தனிக் கவனத்துக்குரியது. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் தம் பகுதிகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் ஒருவகைத் தீவிரக் குருதிப் புற்றுநோயில், அம்மாற்றத்தால் விளையும் கலப்புப் புரதத்தை ஆர்சனிக் டிரைஒக்சைட்டு சிதைக்கிறது. அம்மருந்தை மட்டுமே கொண்டு பெரும்பாலான நோயாளரைக் குணப்படுத்தலாம் என்பதை இக்குழுவினர் முன்னரே காட்டியிருந்தனர். எனினும், தாங்கு கலங்களோடு சேர்த்து வளர்க்கப்பட்ட புற்றுக்கலங்கள் அதே மருந்துக்குத் தப்பிப் பிழைத்தன. அந்தத் தொடுகை புற்றுக்கலத்தினுள் என்எஃப்-கப்பா பி என்னும் காப்புப் பாதையைத் தூண்டுவதையும், போர்டிசோமிப் என்னும் மருந்து அக்காப்பைத் தகர்ப்பதையும் 2016இல் வெளியான அவர்களது ஆய்வு விளக்கியது. இவ்வுறைவிடத்தைக் குறிவைக்கும் எந்தச் சிகிச்சையும், அங்கேயே வாழும் நலமான குருத்துக் கலங்கள் மீண்டும் குருதியை உருவாக்குவதற்கு வேண்டிய இடத்தையும் விட்டுவைக்க வேண்டியுள்ளது.