குடற்சுவருக்குக் கொழுப்பு இடும் ஏவல்

ஆகாரத்திலுள்ள கொழுப்பு சரீரத்தைப் பெருக்கவைக்கும் என்பது யாவரும் அறிந்த விஷயம்; அதே கொழுப்பு குடற்சுவரின் அணுக்களுக்குள்ளே எரிபொருளாகவும் ஏவலாகவும் ஒருங்கே புகுந்து புற்றுநோய்க்கு வழிகோலக்கூடும் என்பதே அண்மைக்கால ஆராய்ச்சியின் செய்தி.

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்பினது. அதன் நுண்ணிய குழிகளின் அடியிலிருந்துகொண்டு, ஓயாமல் பிரிந்து புதிய அணுக்களை மேலே அனுப்பும் ஸ்டெம் செல்களை, 2007-இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் இனங்கண்டார்கள். மேலே ஏறிய அணு தன் கடமையைச் செய்து சில நாளில் உதிர்ந்துபோகும். அது உதிர்வதே நமக்குக் காப்பு.

இந்த ஒழுங்கைக் கொழுப்பு குலைப்பதை 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஓமர் இல்மாஸ் குழுவினர் எலிகளிடம் கண்டார்கள். கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக அமைந்த தீனியை ஒன்பது மாதங்களுக்கு மேல் தின்ற எலிகளின் குடலில் ஸ்டெம் செல்கள் பெருகியதோடு, அவற்றை விட்டு விலகி மேலேறத் தொடங்கிய அணுக்களும் மீண்டும் ஸ்டெம் செல்லின் குணத்தைப் பெற்றன. கொழுப்பு அமிலங்களை உணர்ந்து மரபணுக்களை முடுக்கும் 'பிபார் டெல்டா' என்ற புரதமே இதற்குக் காரணம் என்பதும், கொழுப்பே இல்லாமல் மருந்தால் அப்புரதத்தைத் தூண்டினாலும் ஏறக்குறைய அதே விளைவு உண்டாகும் என்பதும் தெரியவந்தன. அந்நிலையில், அணுப்பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் 'ஏபிசி' மரபணுவும் பழுதுபட்டால், உதிரவேண்டிய அணுவே கட்டிக்கு வித்தாகிறது.

அத்தனை கொழுப்பை மாதக்கணக்கில் உண்ணும் மனிதர் அரிது. எலியின் தீனியை அப்படியே நம் இலையில் பரிமாறிக்கொண்டு அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும் மனிதரிடம் வேறொரு வழியும் உண்டு. கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களில் ஒரு பகுதி பெருங்குடலுக்குள் இறங்க, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை டிஆக்ஸிகோலிக் அமிலம் போன்ற, சுவரை அரிக்கும் பொருள்களாக மாற்றுகின்றன. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பிட்ஸ்பர்க் நகரின் கறுப்பின அமெரிக்கர் இருபது பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் இருபது பேரும் இரண்டே வாரம் உணவை மாற்றிக்கொண்டபோது, மக்காச்சோளத்துக்கும் பயறுக்கும் மாறிய அமெரிக்கரிடம் அவ்வமிலங்கள் குறைந்தன. ஹாம்பர்கருக்கு மாறிய ஆப்பிரிக்கரிடம் கூடின. குடற்சுவரின் அழற்சியும் அணுப்பெருக்கமும் அவ்வாறே இறங்கின, ஏறின. ஆனால் கொழுப்போடு நார்ச்சத்தின் அளவும் மாறியதால் பழி முழுவதையும் கொழுப்பின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. அந்த இரண்டு வாரங்களில் அளக்கப்பட்டதும் நோயின் அறிகுறிகளேயன்றி நோயன்று.