பிய்ந்து போகிற பொம்மைதான் பூனைக்குப் பிடிக்கும்

பூனைக்கு விளையாட்டு என்பது முழுக்க முழுக்க வேட்டைதான். பதுங்குவது, பின்புறத்தை ஆட்டிக் குறிபார்ப்பது, பாய்வது, முன்கால்களால் கட்டிக்கொண்டு பின்கால்களால் உதைப்பது, கடைசியில் கடிப்பது என்று எலியிடம் செய்வதையெல்லாம் பந்திடமும் செய்யும். இங்கிலாந்தில் பூனைகளின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் பிராட்ஷாவும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பசித்த பூனை கூடுதல் வேகத்தோடு விளையாடியது. பெரிய பொம்மையைக் கண்டும் அவ்வளவாகத் தயங்கவில்லை. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது சலித்துக்கொண்டது. சற்று நேரத்திலேயே வேறு நிறப் பொம்மையை நீட்டினால் மறுபடி பாய்ந்தது.

நிஜ எலி நாலு கடியில் உருக்குலைந்துவிடும். எவ்வளவு கடித்தாலும் அப்படியே இருக்கிற பொருளோடு பூனை எத்தனை நேரம்தான் மல்லுக்கட்டும்? அதனால்தான் கடையில் வாங்கும் கெட்டியான ரப்பர் எலியைவிட, நைந்து கிழிகிற வீட்டுப் பொம்மையே மேல் என்பேன்.

முதலில் காகிதம். பழைய நோட்டுத் தாளை ஓர் எலி அளவுக்குக் கசக்கினால் போதும். கோணல்மாணலாக இருப்பது நல்லது, உருளும்போது திசை மாறும். காகிதம் சரசரக்கும்போது நம் காதுக்கு எட்டாத ஒலிகளும் எழுகின்றன. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும். பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும். எலிக்குஞ்சுகளின் கீச்சொலி வருவது அந்த உயரத்தில்தான்.

அடுத்தது தூண்டில். பழைய பருத்திச் சேலையின் ஓரத்தை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, மூங்கில் குச்சியின் நுனியில் இறுக்கிக் கட்டுங்கள். மறுமுனையில், கிழிந்த காலுறைக்குள் காகிதத்தைத் திணித்து முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. ஆட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் பூனையின் மூக்குக்கு நேரே ஆட்டுவார்கள். எந்த எலி பூனையைத் தேடி ஓடி வரும்? விலகி ஓடச் செய்யுங்கள், கதவு இடுக்கில் மறையுங்கள், அசையாமல் வைத்திருந்து லேசாகத் துடிக்க விடுங்கள். கண்மணி அகல விரிந்து, காதுகள் முன்னால் திரும்பினால் பாய்ச்சல் வரப்போகிறது என்று அர்த்தம். மிக அருகில் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த இடத்தில் மீசை முன்னோக்கி வளைந்து தடவிப் பார்க்கும். கடைசியில் ஒருமுறையாவது பிடிக்க விடுங்கள். லேசர் விளக்கில் இந்தத் திருப்தி கிடைப்பதில்லை.

வீட்டுக்குள்ளேயே தின்று தூங்கிக் கொழுக்கிற பூனைக்கு முட்டை அட்டை ஏற்றது. குழிகளில் கொஞ்சம் உலர் தீனியைப் போட்டு, மேலே காகித உருண்டைகளை வைத்து மூடுங்கள். கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும்.

பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்னிப் செடி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், வேலியோரத்தில் குப்பைமேனி இருக்கிறது. பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். அதை வேரோடு பிடுங்கினால் பல பூனைகள் அந்த வேரை விடாமல் உரசிப் புரளும். கேட்னிப்பில் இருப்பதற்கு நெருங்கிய உறவான ஒரு வேதிப்பொருள் அந்த வேரிலும் உண்டு. வேரைத் துணியில் முடிந்து மோப்பம் பிடிக்க மட்டும் கொடுங்கள், தின்ன விடாதீர்கள்.

அணிலையும் குருவியையும் கவ்வி வருகிற பூனை வளர்ப்பவர்கள் தூண்டிலைக் கட்டாயம் முயன்று பார்க்கலாம். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை சுமார் கால் பங்கு குறைந்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை. தையல் நூல், பூ கட்டும் நார், ரப்பர் பேண்ட், ஜரிகை ரிப்பன் எதையும் பூனையிடம் கொடுக்காதீர்கள். அதன் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் போன நூலைத் துப்புவது கடினம், விழுங்குவதே நடக்கும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொள்ள, குடல் அந்த நூலின் மேல் சுருக்குப்பை போலச் சுருங்கி, அறுபடவும் கூடும். விளையாடி முடித்ததும் தூண்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.