பிரசவ அறைத் திரையில் தெரியும் துடிப்பு யாருடையது?

பிரசவ வலி தொடங்கியபின் தாயின் வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டப்படுவது உண்டு. ஒன்று கருப்பை சுருங்குவதை உணர்கிறது. மற்றொன்று குழந்தையின் இதயத்துடிப்பைக் கணக்கிடுகிறது. திரையில் 138, 142, 135 என எண் மாறிக்கொண்டே இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நிறைமாதக் குழந்தையின் இதயம் பொதுவாக நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை துடிக்கும். அது இவ்வாறு சற்றே ஏறி இறங்குவது நல்ல அறிகுறியாகும்.

பட்டையிலுள்ள உணர்வி, காதுக்குக் கேட்காத மீயொலியை உள்ளே செலுத்துகிறது. அசையும் இதயத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த ஒலியின் அதிர்வெண் சிறிது மாறுகிறது. ஆனால் தாயின் இரத்தக் குழாய்களின் துடிப்பும், மூச்சும், குழந்தை கைகால் அசைப்பதும் அதே அலையில் கலந்தே வருகின்றன. இந்த இரைச்சலுக்கு நடுவே, கருவி சில விநாடி அலையை எடுத்து, அதைச் சிறிது சிறிதாக நகர்த்தி அதனுடனேயே ஒப்பிடுகிறது. எந்த இடைவெளியில் வடிவம் மீண்டும் பொருந்துகிறதோ, அதுவே ஒரு துடிப்பின் காலம். அது 0.43 விநாடி எனில், துடிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 140. நீண்ட நேர அலையை எடுத்தால் இரைச்சல் குறையும். ஆனால் துடிப்பு திடீரெனக் குறைவது தாமதமாகவே தெரியும்.

கருவி தேடுவது திரும்பத் திரும்ப வரும் தாளத்தை மட்டுமே. அது யாருடையது என்பதை அது அறியாது. உணர்வி சற்று நழுவினால், தாயின் நாடியையே குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடலாம். தாய் முக்கும்போது அவரது நாடி 120-ஐத் தாண்டக்கூடும் என்பதால், எண்ணைப் பார்த்து எவருக்கும் ஐயம் எழாது. குழந்தை உண்மையில் தளர்ந்துகொண்டிருக்கும்போதும் திரை நலமாகவே தோன்றும். சில வேளைகளில் 70 என்னும் மெதுவான துடிப்பு 140 என இரட்டிப்பாகத் தெரிவதும் உண்டு.

ஆகவேதான் செவிலியர் தாயின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார், அல்லது விரலில் சிறு கருவியைப் பொருத்துகிறார். இதனை வீண் சோதனை என எண்ண வேண்டாம். பிரசவ அறையில் இதைவிட எளிய, பயனுள்ள சோதனை குறைவு என்பதே என் கருத்து. இரு எண்களும் சேர்ந்தே ஏறி இறங்கினால், திரை வெறுமையானால், அல்லது எண் திடீரெனப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறினால், உடனே செவிலியரை அழையுங்கள். பட்டையை நீங்களாக நகர்த்த வேண்டாம்.

வீட்டில் பயன்படுத்தும் சிறிய ஒலிக்கருவிகளுக்கும் இதே குறை உண்டு. குழந்தையின் அசைவு குறைந்திருந்தால், கருவியில் துடிப்பு கேட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.