அடக்கி வைத்த அழுகையும் மார்பகக் கட்டியும்

ரெங்கம் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளைக் கரைசேர்த்த என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் கண்டபோது, பார்க்க வந்தவர்கள் அனைவரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே அடக்கி வெச்சா. அதான் கட்டியா வந்திருச்சு." இது அத்தையின் காதிலும் விழுந்தது. "நான் அழுதிருக்கணுமா தம்பி?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

இந்த நம்பிக்கை மிகப் பழையது. சோர்ந்த மனமுடைய பெண்களுக்கே இந்நோய் வருவதாக கிரேக்க மருத்துவர் காலன் கருதினார் என்பர். (பெயரைக் கண்டு எமதர்மன் என்று எண்ண வேண்டாம்!) 1975இல் வெளியான ஆய்வுக்காக லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கிரீர், மோரிஸ் என்னும் இருவர், கட்டியோடு வந்த 160 பெண்களைப் பரிசோதனைக்கு முன் விசாரித்தனர். புற்றுநோய் உறுதியானவர்களிடையே கோபத்தை மிகவும் அடக்குவோர் அதிகம் இருந்தனர். செய்தி உலகெங்கும் பரவிவிட்டது.

ஆனால் கட்டி வந்து, கலங்கி நிற்பவரிடம் கேட்ட கேள்வி அது. நோயில்லாதபோதே கேட்டுவிட்டு, பல ஆண்டுகள் காத்திருந்து பார்ப்பதே சரியான முறை. நெதர்லாந்தில் 9,705 பெண்களிடம் அவ்வாறு செய்தார்கள். 1996இல், உணர்ச்சியைக் காட்டாதவர்களுக்குச் சற்றே அதிகம் வருவதுபோல் தோன்றியது. பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியிட்டபோது அத்தொடர்பும் மறைந்துபோயிற்று. ஜப்பானில் சுமார் முப்பதாயிரம் பேரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவிலும் குணத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. வயது, குடும்ப வழி, மதுப்பழக்கம், மாதவிடாய் நின்றபின் கூடும் உடற்பருமன் ஆகியவையே உறுதிப்பட்ட காரணங்களுள் சில.

நிற்க. அத்தை அடக்கியது கண்ணீரை மட்டுமன்று. கட்டியையும் எட்டு மாதம் மறைத்தார். "வலியே இல்லியே" என்பார். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது என்பதுதான் இந்நோயின் வஞ்சகம். மலேசியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுவே; முற்றிய நிலையில் வருவோரும் நம் நாட்டில் மிகுதி. தோல் குழிவது, காம்பு உள்ளிழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கசிவது, அக்குளில் கட்டி தட்டுப்படுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டலாம். வெட்கப்படுவோர் பெண் மருத்துவரைக் கேட்கலாம்.

படித்ததையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. "அப்போ என் மேலே தப்பு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். மறுவாரம் தம் மூத்த மகளை அவரே கிளினிக்குக் கூட்டிப் போனார்.