ஆறாத வாய்ப்புண்: முடிவு வரும்வரை

சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் 2 வாரங்களில் ஆறிவிடும். 3 வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவர் கட்டாயம் பார்க்கவேண்டும். சத்துக்குறைவா, தோல்நோயா, புற்றுநோயா என்றறிய இரத்தமும், தேவைப்பட்டால் சிறு சதைத்துணுக்கும் எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வரச் சில நாட்களாகும்.

அந்நாட்களில் வலிக்குப் பயந்து சாப்பாட்டையே விட்டுவிடுகிறவர்களை நோயாளிகளின் படுக்கையருகே அடிக்கடி காண்கிறேன். பலம் குன்றினால் பின்வரும் சிகிச்சையைத் தாங்குவது கடினம். ஆகவே ஆறிய கஞ்சி, குழைந்த பருப்புச்சோறு, இளநீர் கொடுங்கள். காரம், புளிப்பு, சூடு வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு வாய் கொப்பளிக்கலாம். சாப்பிடுமுன் தடவ, மரத்துப்போகச் செய்யும் களிம்பை மருத்துவரிடம் கேளுங்கள். வெற்றிலைபாக்கையும் புகையிலையையும் அன்றே நிறுத்தவேண்டும்.

வலி குறைந்தாலும் பரிசோதனை முடிவை வாங்கத் தவறாதீர்கள். அதுவரை, பயந்திருப்பவர் ஒரு கிண்ணம் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை அருகில் உட்கார்ந்திருங்கள்.